பிளாஸ்மா ஆய்வாளர்களுக்கு விருது: யாருக்கு, எதற்காக, எப்போது?

#1 அயனிக்காற்று

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு உதவி கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பிளாஸ்மா (எலெக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு) அறிவியலுக்கும் அதன் பயன்பாட்டுக்கும் சேர்த்துத் தரப்படும் ஒரு விருதுக்கு, எங்கள் துறையில் மூத்தவர் ஒருவரைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் அறிவியலுக்கு அவர் செய்தது, மற்றதில் பயன்பாட்டுக்கு அவர் செய்தது. ஒரு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், அவருடைய வேலையை அப்படி இரண்டாக வெட்ட முடியவில்லை. குறைந்த அழுத்த வாயுவில் மின்சாரம் பாய்ந்து எரியும் மின்னிறக்கம் அலைபாயாமல் நிற்க வேண்டும் என்பதற்காக முப்பது வருடம் உழைத்தவர். அது ஏன் அலைபாய்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான், அதை அடக்கும் மின்சுற்றை வடிவமைத்ததும் அவர்தான்.

சரி, முன்னால் யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்க்கலாம் என்று தேடினேன். மின்னிறக்கக் குழாயில் எலெக்ட்ரான்களும் அயனிகளும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும் பகுதிக்கு 'பிளாஸ்மா' என்று பெயர் வைத்தவர் இர்விங் லாங்மியூர், 1928இல். அவருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது மேற்பரப்பு வேதியியலுக்கு. பிளாஸ்மாவுக்கென்று நோபல் வர 1970 ஆனது. அதைப் பெற்ற ஹான்ஸ் ஆல்ஃப்வேன், பிளாஸ்மாவில் காந்தப்புலத்தோடு ஓடும், இன்று அவர் பெயரால் வழங்கும் அலைகளைப் பற்றி 1942லேயே எழுதிவிட்டார், பரிசு வர 28 வருடம். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மேக்ஸ்வெல் பரிசு 1975இல்தான் தொடங்கியது, முதலில் பெற்றவர் லைமன் ஸ்பிட்சர். ஐரோப்பிய இயற்பியல் கழகத்தின் ஆல்ஃப்வேன் பரிசு 2000இல் வந்தது.

இந்தத் துறையில் ஒருவரைப் பாராட்டுவது என்றால் அவர் செய்ததில் எதைப் பாராட்ட வேண்டும்? உங்களுக்குத் தெரிந்த உதாரணங்களைச் சொல்லுங்கள். கடிதத்துக்கு உதவும்.

#2 மின்வில்

நான் வெல்டிங், பிளாஸ்மா கட்டிங் பக்கம் இருப்பவன். என் துறைக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன்: ஹெர்தா அயர்ட்டன்.

அந்தக் காலத்துத் தெருவிளக்குகள் கரிமின்வில் விளக்குகள். இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே எரியும் அந்த வில் திடீரென்று சீறும், நடுங்கும், ஒளி குறையும். ஏன் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. நேர்முனைக் கரியில் உண்டாகும் பள்ளம் அளவுக்கு மீறிப் பெரிதாகும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நேராகக் கரியைத் தொடுகிறது, சீற்றம் அதனால் வருகிறது என்று அவர் பரிசோதனை செய்து காட்டினார். 1899இல் லண்டன் மின்பொறியாளர் கழகத்தில் அந்தக் கட்டுரையைத் தானே வாசித்தார். அதே வருடம் அந்தக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

1902இல் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள். திருமணமான பெண்ணுக்குத் தனியாகச் சட்டநிலை கிடையாது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அதே சொசைட்டி 1906இல் அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. பதக்கம் கொடுக்கலாம், உள்ளே சேர்க்க முடியாது! முதல் பெண் உறுப்பினர்களை அவர்கள் ஏற்றுக்கொண்டது 1945இல். அதற்குள் அயர்ட்டன் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவர் செய்ததை அறிவியல் என்பீர்களா, பயன்பாடு என்பீர்களா? விளக்கு சீறாமல் எரிய வேண்டும் என்றுதான் தொடங்கினார். கடைசியில் மின்வில்லின் இயல்பே புரிந்தது. உங்கள் மூத்தவர் கதையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

#3 துருவஒளி

மின்வில் அண்ணா சொன்னதோடு சேர்த்து நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்கலாண்டையும் நினைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

வெற்றிடப் பெட்டிக்குள் காந்தம் பொதிந்த ஒரு சிறு கோளத்தைத் தொங்கவிட்டு, அதன்மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, துருவங்களைச் சுற்றி ஒளிவளையம் உண்டாவதைக் காட்டியவர். வடதுருவ ஒளியை உண்டாக்கும் மின்னோட்டம் விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியாகவே இறங்கி வருகிறது என்றார். சிட்னி சாப்மன் போன்ற பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிர்க்கலாண்ட் 1917இல் டோக்கியோவில் இறந்தார். 1960களில் செயற்கைக்கோள்கள் மேலே போய் அளந்த பிறகுதான் அந்த மின்னோட்டம் இருப்பது உறுதியானது. இப்போது அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இதே மனிதர் இன்னொரு பக்கம் என்ன செய்தார் தெரியுமா? மின்காந்தப் பீரங்கி ஒன்றைச் செய்து, 1903இல் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அது ஷார்ட் சர்க்யூட் ஆகிப் பெரிய மின்வில் வெடித்தது. கூட்டம் பயந்து போனது. அந்தத் தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது, காந்தப்புலத்தில் மின்வில் தட்டையாக விரியும் என்பதை. தட்டுபோல விரிந்த அந்த வில்லுக்குள் காற்றைச் செலுத்தி நைட்ரஜனைப் பிணைத்து, சாம் ஐடே என்ற பொறியாளரோடு சேர்ந்து உரம் தயாரித்தார். 1905இல் தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் அடித்தளம் அதுதான்.

துருவஒளியும் உரத் தொழிற்சாலையும் ஒரே மனிதரின் ஒரே ஆர்வத்திலிருந்து வந்தவை. நோபலுக்குப் பல முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. அவர் இறந்து வெகுகாலம் கழித்து நார்வே தன் 200 குரோனர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. உயிரோடு இருந்தபோது அவருடைய வாதத்தை யாராவது பொறுமையாகக் கேட்டிருந்தால் அந்த நோட்டைவிட அதைத்தான் பெரிதாக நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

#4 சமன்பாடு

நான் கோட்பாட்டுப் பக்கத்து ஆள். கருவி செய்தவர்களுக்குக் கிடைக்கவேண்டிய மரியாதையை நான் குறைக்க வரவில்லை. ஆனால் 'இது எதற்கு உதவும்' என்று முதல் நாளே கேட்டு மதிப்பெண் போட்டால் பிளாஸ்மாவில் பாதி விஷயம் பிறந்தே இருக்காது.

1946இல் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் ஒரு கணக்குப் போட்டார். துகள்கள் ஒன்றோடொன்று மோதவே இல்லையென்றாலும் பிளாஸ்மாவில் ஓடும் அலை தானாகத் தேய்ந்துபோகும் என்று விடை வந்தது. மோதல் இல்லாமல் தேய்வா? அலையின் வேகத்துக்குச் சற்றே குறைந்த வேகத்தில் ஓடும் எலெக்ட்ரான்கள் அலையிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டு முந்துகின்றன. சற்றே வேகமாக ஓடுபவை அலைக்குக் கொடுக்கின்றன. வாங்குபவை எண்ணிக்கையில் அதிகம், அதனால் அலை இளைக்கிறது. கணக்குப் பிழை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1964இல் மால்ம்பெர்க், வார்ட்டன் இருவரும் பரிசோதனையில் அதைப் பார்த்தார்கள். 18 வருட இடைவெளி.

கதை அதோடு முடியவில்லை. நேரியலற்ற நிலையிலும் அந்தத் தேய்வு நீடிக்கும் என்று கணித முறையில் நிறுவியது, செட்ரிக் வில்லானிக்கு 2010இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்த பணிகளில் ஒன்று. டோகமாக்கில், அதாவது அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தில் அடைத்து வைக்கும் வளைய வடிவ இயந்திரத்தில், அலைகளைச் செலுத்திப் பிளாஸ்மாவைச் சூடேற்றும் சில முறைகள் இந்தத் தேய்வை நம்பித்தான் இயங்குகின்றன.

மேக்நாத் சாஹா 1920இல் எழுதிய அயனியாக்கச் சமன்பாடும் அப்படித்தான். எந்த வெப்பநிலையில் வாயுவின் எவ்வளவு பங்கு அயனியாகும் என்று சொல்லும் ஒற்றை வரி. விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கவே அது எழுதப்பட்டது, இன்று வெல்டிங் வில்லைப் படிக்கிறவர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். சாஹாவுக்கும் நோபல் பரிந்துரை வந்தது, பரிசு வரவில்லை.

#5 வெற்றிடஅறை

வேக்குவம் பார்த்தே 22 வருடம் ஓட்டியவன் நான். என் பங்குக்கு ஒன்று.

1968இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் நாட்டின் ஆர்ட்சிமோவிச் குழு, தங்கள் டி-3 டோகமாக்கில் எலெக்ட்ரான் வெப்பநிலை ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போகிறது என்று சொன்னது. மேற்கத்திய நாட்டவர் நம்பவில்லை. அவர்களுடைய இயந்திரங்கள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆர்ட்சிமோவிச் கோபப்படாமல், நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்று கல்ஹாம் ஆய்வகத்து ஆங்கிலேயர்களை அழைத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. நிக்கோல் பீக்காக், டெரெக் ராபின்சன் முதலானோர் ரூபி லேசரையும் அளவுக் கருவிகளையும் டன் கணக்கில் மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். லேசர் ஒளி எலெக்ட்ரான்கள் மீது பட்டுச் சிதறி வரும்போது அதன் நிறம் எவ்வளவு அகலமாகிறது என்று பார்த்தால் வெப்பநிலை தெரியும். 1969இல் அளந்தார்கள். ரஷ்யர்கள் சொன்னது சரிதான். பிரின்ஸ்டன்காரர்கள் இதே வேலைக்கான வேறு வகை இயந்திரமான தங்கள் ஸ்டெல்லரேட்டரையே டோகமாக்காக மாற்றினார்கள். ஒரே ஒரு அளவீடு, உலகம் முழுவதும் ஆய்வின் திசை மாறிவிட்டது.

அந்த லேசரை மாதக்கணக்கில் சீராக ஓடவைத்தவர்கள், கண்ணாடிச் சன்னல்களைத் துடைத்தவர்கள், பம்ப் எண்ணெய் மாற்றியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பாராட்டுரையும் சொல்லாது.

என் அனுபவம் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மூன்று வாரமாக ஒரு பரிசோதனை சரியாக வரவில்லை. பிளாஸ்மா பற்றும், சில நொடிகளில் நிறம் மாறி அணைந்துபோகும். கோட்பாட்டில் ஏதோ புதிது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு இரவு முழுக்க ஹீலியம் லீக் டிடெக்டரை வைத்து ஒவ்வொரு ஃபிளாஞ்சாகத் தடவினேன். அடிப்பக்கம் ஒரு கேஸ்கெட்டில் முடியளவு கீறல். மாற்றிப் போட்டதும் அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிட்டது. கட்டுரை வந்தது. அதில் என் பெயர் இல்லை, நன்றி சொல்லும் வரியிலும் இல்லை. பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதில் இருக்கிறது.

அயனிக்காற்று தம்பி, உங்கள் மூத்தவருக்கு விருது வாங்கிக் கொடுங்கள், சந்தோஷம். ஆனால் அவருடைய அறையில் யார் லீக் பிடித்தார்கள் என்றும் அவரிடம் கேளுங்கள்.

#6 துகள்மேகம்

ஐயா எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் ஆய்வு மாணவி. எங்கள் அறையிலும் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். நாளைக்கே என் ஆய்வேட்டின் நன்றியுரையைத் திறந்து பார்க்கிறேன்.

அறிவியல், பயன்பாடு என்ற இரண்டு கட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிப் தொழிற்சாலைகளில் சிலிக்கனைச் செதுக்குவது பிளாஸ்மாதான், எட்சிங் என்போம். அங்கே தூசு பெரிய எதிரி. ஒரு துகள் விழுந்தால் சிப் போயிற்று. அதனால் அறையின் காற்றையும் ஆட்களின் உடையையும் சுத்தப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, தூசு வெளியிலிருந்து வரவில்லை, பிளாஸ்மாவுக்குள்ளேயே வளர்ந்து, மின்னூட்டம் பெற்று, தகட்டுக்கு மேலே அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பிளாஸ்மாவை அணைத்ததும் கீழே இறங்கியது.

அதே காலத்தில் ராவ், சுக்லா, யூ மூவரும் 1990இல், இப்படித் தூசு கலந்த பிளாஸ்மாவில் மிக மெதுவாக நகரும் ஒரு புதுவகை அலை இருக்கும் என்று எழுதினார்கள். 1995இல் பரிசோதனையில் அது தெரிந்தது. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்கு மெதுவான அலை! 1994இல் துகள்கள் படிகம்போல ஒழுங்காக அடுக்கி நிற்பதையும் கண்டார்கள். அதில் பங்கெடுத்த கிரிகோர் மார்ஃபிலுக்கு 2011இல் மேக்ஸ்வெல் பரிசு. தொழிற்சாலையை வருத்திய அதே தூசுதான் இது.

எட்சிங்கிலேயே இன்னொரு பெயர் உண்டு. சிலிக்கனில் ஆழமாக, சுவர் செங்குத்தாக நிற்கும்படி குழிதோண்டும் முறையை பாஷ் நிறுவனத்தில் உருவாக்கியவர்கள் ஃபிரான்ஸ் லேர்மர், ஆண்ட்ரியா உர்பன். கொஞ்சம் செதுக்கு, சுவருக்குப் பூச்சு போடு, மறுபடியும் செதுக்கு என்று மாறி மாறிச் செய்வதுதான் முறை. 2007இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. நம் கைப்பேசியைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அதை உணரும் சிறு கருவிகள் இந்த முறையில்தான் செதுக்கப்படுகின்றன.

#7 சூரியக்காற்று

இந்த இழையில் யூஜின் பார்க்கர் பெயர் இன்னும் வராதது ஆச்சரியம்.

1958இல், சூரியனிலிருந்து பிளாஸ்மா ஒலியைவிட வேகமாக எல்லாப் பக்கமும் வீசிக்கொண்டே இருக்கிறது என்று கணக்கோடு ஒரு கட்டுரை அனுப்பினார். அப்போது அவருக்கு முப்பது வயதைத் தாண்டவில்லை. மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் முடிவு பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை எங்கே என்று தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர்களும் பிழையைச் சுட்டிக்காட்டவில்லை, கருத்துப் பிடிக்கவில்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். சந்திரசேகர் அதை அச்சுக்கு அனுப்பினார். 1962இல் மரைனர் 2 வெள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காற்றை அளந்தது.

பார்க்கருக்கு 2003இல் மேக்ஸ்வெல் பரிசும் 2020இல் க்ராஃபோர்டு பரிசும் கிடைத்தன. நாசா உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை ஒரு விண்கலத்துக்கு முதல்முறையாக வைத்தது அவருக்குத்தான். 2018 ஆகஸ்ட் 12 அன்று அது புறப்பட்டதை 91 வயதில் நேரில் நின்று பார்த்தார். 2022இல் அவர் இறந்த பிறகும் அது போய்க்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில் கடந்தது.

இத்தனை கௌரவங்களில் எதைப் பெரிது என்பீர்கள்? என்னைக் கேட்டால், 1958இல் சந்திரசேகர் செய்ததை. தனக்கு உடன்பாடில்லாத ஒரு இளைஞனின் கட்டுரையைப் பிழை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அச்சிட்டார். பதக்கம் எதுவும் தரவில்லை, ஆனால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஆசிய பசிபிக் பகுதியின் பிளாஸ்மா இயற்பியல் பரிசுக்குச் சந்திரசேகர் பெயரை வைத்தது மிகப் பொருத்தம். அதைப் பெற்றவர்களில் பிரதிமான் கிருஷன் காவும் ஒருவர். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவி நடத்தியவர். அங்கே ஒரு பக்கம் ஆதித்யா டோகமாக், இன்னொரு பக்கம் உலோகத்தின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவில் கடினமாக்குவது, மருத்துவமனைக் கழிவைப் பிளாஸ்மாவில் சிதைப்பது போன்ற வேலைகள்.

#8 சமன்பாடு

சூரியக்காற்று சொன்னதற்கு இணையாக இன்னொன்று. 1950இல் சகாலின் தீவில் ஒலெக் லாவ்ரென்ட்டியேவ் என்ற படைவீரர் இருந்தார். பல்கலைக்கழகம் பார்க்காதவர். அணுக்கரு இணைவை மின்புலத்தால் கட்டுப்படுத்தலாம் என்று எழுதி மாஸ்கோவுக்கு அனுப்பினார். அதை மதிப்பிடச் சொல்லி இயற்பியலாளர் சகாரோவ் கையில் கொடுத்தார்கள். மின்புலம் போதாது என்று சகாரோவ் கண்டார். ஆனால் அதைப் படித்தபோதுதான் காந்தப்புலத்தால் பிளாஸ்மாவைச் சுவரிலிருந்து விலக்கி வைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அவரும் தாமும் சேர்ந்து டோகமாக்கின் அடிப்படையை வகுத்தார்கள். எழுதியவர் திறமையானவர், ஊக்கப்படுத்த வேண்டும் என்று சகாரோவ் அப்போதே குறிப்பெழுதினார், பின்னாளில் நினைவுக்குறிப்பிலும் சொன்னார். ஆவணங்கள் 2001இல் வெளியான பிறகுதான் உலகத்துக்கு அந்தப் படைவீரரின் பெயர் பரவலாகத் தெரிந்தது.

#9 துருவஒளி

மேலே 'அவரும் தாமும்' என்று இருப்பது 'சகாரோவும் தாமும்' என்று இருக்க வேண்டும். இகோர் தாம் என்ற இயற்பியலாளர் வேறு ஆள், படிப்பவர்களுக்குக் குழப்பம் வரும்.

பெண்களைப் பற்றி மின்வில் அண்ணா தொடங்கியதைத் தொடர்கிறேன். பிரின்ஸ்டனில் கேதரின் வெய்மர் என்ற கோட்பாட்டாளர் இருந்தார். டோகமாக் பிளாஸ்மாவின் சமநிலை பற்றி உழைத்தவர். இப்போது அவர் பெயரில், பணியின் தொடக்கத்தில் இருக்கும் பெண் பிளாஸ்மா ஆய்வாளர்களுக்கு ஒரு விருது தருகிறார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன், தொடக்கத்திலேயே தருகிறார்கள் என்பதற்காக. மேக்ஸ்வெல் பரிசு 2016இல் எலன் ஸ்வைபலுக்கும் 2021இல் மார்கரெட் கிவெல்சனுக்கும் வந்தது. கிவெல்சன் அப்போது தொண்ணூறைத் தாண்டியவர். கலிலியோ விண்கலத்தின் காந்தமானியைக் கொண்டு, வியாழனின் யூரோப்பா நிலவில் பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்கு வலுவான சான்று கண்டவர்.

#10 மின்வில்

ஒருவருக்கே கொடுப்பதா, குழுவுக்கா என்றும் பேச வேண்டும். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி அணுக்கரு இணைவால் 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடத்துச் சோதனையைப் பற்றிய கட்டுரையில் ஆசிரியர்கள் ஆயிரம் பேருக்கு மேல். லேசரால் இதைச் செய்யலாம் என்று 1972இல் எழுதியவர்களில் ஜான் நக்கல்ஸ் மேக்ஸ்வெல் பரிசு பெற்றார், சரி. ஆனால் ஐம்பது வருடம் இடையில் நின்ற அந்த ஆயிரம் பேருக்கு? ஜான் டாசன் பெயரில் உள்ள விருதைக் குழுக்களுக்கும் தருகிறார்கள். அது நல்ல வழி.

#11 அயனிக்காற்று

எல்லோருக்கும் நன்றி. நேற்று மூத்தவரை நேரில் பார்த்தேன். வெற்றிடஅறை அண்ணன் சொன்னபடி கேட்டேன், உங்கள் அறையில் யார் லீக் பிடித்தார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு பெயர் சொன்னார். ஒருவர் கண்ணாடிக் குழாய்களை ஊதிக் கொடுத்தவர், முதல் ஆறு குழாய்கள் வெடித்தும் ஏழாவதைச் செய்தவர். இன்னொருவர், அலைபாய்வு மின்சுற்றிலிருந்து வருகிறது, வாயுவிலிருந்து இல்லை என்று முதலில் சந்தேகப்பட்ட மாணவி. இதை நான் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்றார்.

படிவத்தின் இரண்டு கட்டங்களிலும் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டேன். இணைப்பில் ஒரே கதையாகச் சொல்கிறேன்: விளக்கு அலைபாய்ந்தது, ஏன் என்று தேடினார்கள், மாணவி சந்தேகப்பட்டார், குழாய் வெடித்தது, மறுபடி ஊதினார்கள், காரணம் புரிந்தது, மின்சுற்று மாறியது. அந்த இரண்டு பெயர்களும் முதல் பக்கத்திலேயே வருகின்றன. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தேர்வுக்குழு இதை ஏற்குமா என்பது ஒன்றுதான் கவலை.

#12 வெற்றிடஅறை

ஏற்பார்கள் தம்பி. ஏற்காவிட்டாலும் எழுதியது எழுதியதுதான், கோப்பில் இருக்கும். அந்த இருவரின் பெயரையும் அவர்களிடமே கேட்டு, முதலெழுத்தோடு சரியாக எழுதுங்கள். கண்ணாடி ஊதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, கடிதத்தின் ஒரு படியை அவருக்கும் அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று சொன்னீர்கள் அல்லவா, வரைவை இன்றே எனக்கு அனுப்பினால் இரவுக்குள் படித்துவிடுகிறேன்.